விருதுக்காகச் சேவையா, சேவைக்காக விருதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். அந்தச் சிறிய முகாமில் பிறந்த இயக்கம்தான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் மலேசியாவில் மன்னர் சாரணர், சிங்கப்பூரில் அதிபர் சாரணர், அமெரிக்காவில் ஈகிள் ஸ்கவுட் என்று ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஓர் உச்ச விருது உண்டு. சமூக சேவைத் திட்டத்தின் விதிகளை அமெரிக்கர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருப்பதால், இன்று அதை எடுத்துப் பேசுகிறேன்.

ஈகிள் ஸ்கவுட் விருதை முதல் சாரணர் பெற்றது 1912இல். அப்போது திறமைச் சின்னங்களைச் சேர்த்தால் போதும். 1965இல்தான் சேவைத் திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. இன்று 21 திறமைச் சின்னங்கள் பெற்றாலும், 18 வயது நிறைவதற்குள் ஒரு சேவைத் திட்டத்தைத் தலைமையேற்று நடத்தாமல் இந்த விருது கிடைக்காது. 2019 முதல் பெண் பிள்ளைகளும் இந்தப் பாதையில் சேர்ந்தார்கள். 2021இல் அவர்களில் முதல் அணியினர் விருது பெற்றார்கள்.

அந்த விதிகளைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம், வழிபாட்டுத்தலம், பொதுச் சமூகம் இவற்றுள் ஒன்று பயன்பெற வேண்டும். சாரணர் இயக்கத்துக்கே செய்துகொள்ளக் கூடாது. வியாபார நிறுவனத்துக்கும் செய்யக் கூடாது. வெறும் நிதி திரட்டல் திட்டம் ஆகாது. பயன்பெறும் தரப்பு, சாரணர் தலைவர், குழுவின் செயற்குழு, வட்டார அமைப்பு ஆகிய நான்கு தரப்பும் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே வேலையைத் தொடங்கலாம்.

இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு மட்டும் அதில் கிடையாது. ஏன் தெரியுமா? அங்கே உழைப்பை அளப்பதில்லை. தன்னைத் தவிர இன்னும் இருவரையாவது வழிநடத்தினாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். தனி ஆளாக நூறு நாற்காலிக்குச் சாயம் பூசினாலும் அது கணக்கில் வராது.

நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஏதாவது செய்ய ஒரு மாணவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் ஓவியம் வரையலாம் என்பது அவர் ஆசை. தலைமையாசிரியரைப் போய்க் கேட்டால், "தம்பி, ஓவியம் இருக்கட்டும், நூலகப் புத்தகங்களைக் கரையான் அரிக்கிறது, தரையில் படாத அலமாரி வேண்டும்" என்கிறார். திட்டம் அங்கேதான் பிறக்கிறது. நம் ஆசையை அடுத்தவர் தலையில் கட்டுவது சேவை ஆகாது.

அடுத்தது தாளும் பேனாவும். அலமாரி எத்தனை, என்ன அளவு? மரம் எவ்வளவு, எத்தனை ரிங்கிட்? யாரிடம் கருவிகள் உண்டு? மின்ரம்பத்தைப் பெரியவர்கள்தான் இயக்க வேண்டும்; முதலுதவிப் பெட்டி யார் கையில்? பள்ளி விடுமுறையில் செய்வதா, மழைக்காலத்துக்கு முன்பே முடிப்பதா? மிச்சப் பணம் யாருக்கு? அமெரிக்க விதிப்படி அது பயன்பெறும் தரப்புக்கே போக வேண்டும். கடைசியாக, ஆறு மாதம் கழித்து அந்த அலமாரியை யார் பராமரிப்பார்? இதற்குப் பதில் இல்லாத திட்டம் திறப்பு விழாவோடு முடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும். எது நன்றாக நடந்தது, எது சிரமமாக இருந்தது, திட்டத்தில் எதை மாற்ற நேர்ந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். திட்டம் மாறியதற்காக யாரும் தண்டிக்கப்போவதில்லை. மாற்றத்தை எப்படிச் சமாளித்தார் என்பதுதான் தலைமைத்துவம்.

பெற்றோர்களே, உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். "நீ பாடத்தைப் படி, இதையெல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அம்மா திட்டத்தைத் தட்டச்சு செய்து, அப்பா தெரிந்த குத்தகையாளரைப் பிடித்து, பிள்ளை படத்துக்கு மட்டும் நின்றால், சான்றிதழ் சுவரில் தொங்கும். பிள்ளை அப்படியே நிற்கும். நாளை பல்கலைக்கழக நேர்முகத்தில், "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், பதில் சொல்ல அப்பா பக்கத்தில் இருக்கமாட்டார்.

உங்களுக்கும் வேலை உண்டு. காரில் கொண்டுபோய் விடுங்கள், பாதுகாப்பைக் கவனியுங்கள், சாப்பாடு கட்டிக் கொடுங்கள். வருவதாகச் சொன்ன நான்கு நண்பர்கள் வரவில்லையா? அவர்களைத் தொலைபேசியில் அழைப்பது பிள்ளையின் வேலை. தடுமாறித்தான் நடை பழக வேண்டும்.

மாணவர்களே, நம் நாட்டு விருதின் விதிகளை உங்கள் பொறுப்பாசிரியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்த வாரமே ஒரு பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தின் முதல் பக்கம் அதுதான்.