கூட்டு மருந்து தந்த வாழ்வு
(பொன்விழாக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்பிக்கையற்ற வேளையில் நாம் புனித யூதா ததேயுவை நாடுகிறோம். அவர் பெயரால் 1962-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று எழுந்தது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை இரத்தப் புற்றுநோயில் அந்நாளில் பிழைத்தவர் 100-க்கு 4 பேரே. ஒரே மருந்தைக் கொடுத்தால் நோய் சில மாதம் பதுங்கும். பிறகு அம்மருந்துக்கு அடங்காத அணுக்கள் பெருகிவிடும்.

அங்கே டாக்டர் டொனால்டு பிங்கெல், நோய் கண்டவுடனேயே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். மூளைப் பகுதியில் ஒளியும் நோய்க்குக் கதிர்வீச்சும் அளித்தார். முதல் ஆய்வுகளில் பெரும்பாலும் ஏமாற்றமே. 1967-ல் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் குணமடைந்தனர். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர்.

முதல் ஆய்வுகளுக்கு இசைந்த பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை இழந்தனர். ஆனால் அவர்கள் கொடுத்த இசைவால்தான் பிறர் பிள்ளைகள் வாழ்கின்றனர்.

"புதிய சிகிச்சை ஆய்வில் சேர்கிறீர்களா?" என்று மருத்துவர் நம்மையும் கேட்கக்கூடும். அஞ்சி ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக் கையொப்பமிடவும் வேண்டாம். நன்மை, தீமை இரண்டையும் கேட்டறியுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. செபித்து முடிவெடுங்கள்.