ஹெப்ரிடீஸ் கடலில் ஒரு குடும்பப் பிரயாணம்



ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலே ஓபன் என்றொரு சிறிய துறைமுகம் இருக்கிறது. கோடை பிறந்துவிட்டால், குடும்பத்தாரும் நண்பர்களுமாக அங்கே வந்து, ஒரு வார காலத்துக்குப் பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, அதிலே உணவுப் பண்டங்களையும் கம்பளிகளையும் ஏற்றிக்கொண்டு, ஹெப்ரிடீஸ் தீவுகளை நோக்கிப் புறப்படுகிறவர்கள் பலர். படகை மட்டும் எடுத்துத் தாமே செலுத்துவோரும் உண்டு. படகோடு ஒரு தலைவனையும் சேர்த்து அமர்த்திக்கொள்வோரும் உண்டு. இவ்விரண்டில் எது உசிதம் என்பதைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கிறது; ஆயினும் அதற்கு முன்னால் அந்தக் கடலின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்குப் பிறகே சூரியன் அஸ்தமிக்கிறது. அந்த நீண்ட ஒளியில் மல் தீவின் மலைகளைப் பார்த்துக்கொண்டு செல்லும் ஆனந்தத்தில், கீழே ஓடும் ஜலம் எவ்வளவு குளிர்ந்தது என்பதை மனம் எளிதில் மறந்துவிடும். கோடையின் உச்சத்திலும் அதன் உஷ்ணம் 13 அல்லது 14 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. அதில் தவறி விழுந்தவனுக்கு முதல் அபாயம் உடல் விறைத்துப்போவதன்று. விழுந்த கணத்திலேயே மூச்சுத் திணறி, வாய் தானாகத் திறந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவதுதான். அந்த முதல் நிமிஷத்தைக் கடந்தாலும், சுமார் பத்து நிமிஷங்களுக்குள் கைகால்கள் சுவாதீனம் இழந்து, நீச்சலில் தேர்ந்தவனும் செயலற்றுப்போகிறான். ஆகவே, மிதவைச் சட்டையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதில் பயனில்லை. படகின் மேல்தளத்துக்கு வருகிற ஒவ்வொருவரும், வானம் எவ்வளவு தெளிந்திருந்தாலும், அதை அணிந்தே வரவேண்டும்.

குளிரைக் காட்டிலும் நான் அஞ்சுவது ஓதத்தை. ஜூரா, ஸ்கார்பா என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே கார்ரிவ்ரெக்கன் என்ற குறுகிய ஜலசந்தி உண்டு. அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் வெள்ளம் அதில் நெருக்குண்டு, கடலடியிலிருந்து எழும்பும் பாறைச் சிகரத்தில் மோதிப் பெருஞ்சுழலாக மாறும்போது, நீரோட்டத்தின் வேகம் மணிக்கு எட்டுக் கடல் மைலையும் தாண்டுகிறது. வாடகைப் பாய்மரப் படகோ ஐந்து அல்லது ஆறு கடல் மைல் வேகத்தில் செல்வது. அப்படியானால் எதிர்நீரில் அது முன்னேறுவது எங்ஙனம்? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், ஜூராத் தீவில் தங்கித் தம்முடைய கடைசி நாவலை எழுதிவந்த காலத்தில், 1947 ஆகஸ்டில், மூன்று வயதுக் குழந்தையான தம் வளர்ப்பு மகனையும் உறவினரின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிறு படகில் வரும்போது, ஓதத்தின் நேரத்தைத் தவறாகக் கணித்து இந்தச் சுழலின் அருகே அகப்பட்டார். இயந்திரம் கழன்று கடலில் விழுந்தது. பாறைத் தீவொன்றில் இறங்க முயலுகையில் படகும் கவிழ்ந்தது. அவ்வழியே வந்த மீனவர்கள்தாம் அவர்களைக் காப்பாற்றினார்கள். அவர் தைரியத்திலோ அறிவிலோ குறைந்தவரல்லர். ஓத அட்டவணையில் நேர்ந்த ஒரு பிசகுக்கு அந்தக் குழந்தை பலியாகியிருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இந்த ஜலசந்தியை விலக்கி, முதல் நாள் ஓபனிலிருந்து மல் ஜலசந்தி வழியாக, இருபுறமும் நிலம் காப்பாக நிற்க, சுமார் 25 கடல் மைல் சென்று, வண்ண வண்ண வீடுகள் வரிசையாய் நிற்கும் டோபர்மோரியில் தங்குவது எல்லாருக்கும் ஏற்ற மார்க்கம். ஸ்டாஃபா தீவின் கருங்கல் தூண்களையும் ஃபிங்கல் குகையையும் காணும் ஆசை இயற்கையே. ஆனால் அங்கே இரவு தங்கத்தக்க புகலிடம் கிடையாது. திறந்த கடலின் அலை நேரே வந்து அறைகிறது. 1829-இல் அந்தக் குகையைக் காணச் சென்ற சங்கீத மேதை மெண்டல்சனைக் கடல் மயக்கம் வெகுவாக வாட்டியது. ஹெப்ரிடீஸ் பற்றிய அவருடைய இசைப் படைப்பு உலகப் பிரசித்தி பெற்றது. அதை மெய்மறந்து கேட்கிற நாம், அன்று அவர் பட்ட அவஸ்தையையும் நினைத்துக்கொள்வது நல்லது. படகில் மிகவும் பலவீனமானவர் எவரோ, பாட்டியோ குழந்தையோ, அவருடைய சக்திதான் அன்றைய பிரயாணத்தின் எல்லையை நிர்ணயிக்க வேண்டும்.

கப்பல்களுக்கான வானிலை அறிக்கையைப் பிரிட்டிஷ் வானொலி நாள்தோறும் ஒலிபரப்புகிறது. அதிலே 'மாலின்', 'ஹெப்ரிடீஸ்' என்ற பகுதிகளின் பெயர் வரும்போது மாலுமிகள் பேச்சை நிறுத்திக் கவனிப்பார்கள். காற்று பலக்கும் என்று அறிவித்தால், துறைமுகத்திலேயே ஒரு நாளைக் கழித்துவிடுவதில் நஷ்டம் யாதொன்றும் இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டு, சூடான சூப்பை அருந்தி, குழந்தைகளுக்குக் கயிற்று முடிச்சுகளைக் கற்றுக்கொடுக்கும் அந்த நாளும் பிரயாணத்தின் ஒரு பகுதியே.

என் அபிப்பிராயம் இதுதான்: அந்தக் கடலின் ஓதத்தை அறிந்தவர் உங்கள் கூட்டத்தில் இல்லையென்றால், செலவைப் பாராமல் உள்ளூர்த் தலைவன் ஒருவனை அமர்த்திக்கொள்ளுங்கள்; புறப்படும் முன்பே, 'திரும்புவோம்' என்று அவன் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்புவதாக எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள்.