ஒலிவாங்கி யார் கையில்?



1949-ஆம் ஆண்டு ஜூன் 11. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு முதியவர் ஒலிப்பதிவுக் கருவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஃபவுண்டன் ஹியூஸ். வயதைக் கேட்டால் 101 என்கிறார். வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய தாத்தா, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் அடிமை.

ஹியூஸ் அழுதுகொண்டோ ஆவேசப்பட்டோ பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை சொல்கிற பெரியவரின் நிதானம் அந்தக் குரலில் இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் பெரியவர்களாகும் வரை கவுன்தான் போட்டுக்கொள்வார்களாம். காலுக்குச் செருப்பு கிடையாது. படுக்கை தரையில். எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் எதிர்த் தெருவுக்குக்கூடப் போக முடியாது. இதையெல்லாம் சொல்லி வருகிறவர் நடுவில் வேறு பக்கம் திரும்பி, எதையும் கடனுக்கு வாங்காதே, காசு சேர்த்த பிறகு வாங்கு என்று, பேட்டி எடுக்க வந்தவருக்கு நெடுநேரம் புத்தி சொல்கிறார். அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடிமை முறை பற்றிய எந்தப் பாடநூலிலும் இப்படி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது.

1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகம் தன் இணையத் தொகுப்பில் சேர்த்திருக்கும் குரல்கள் 23 பேருடையவை. எல்லாவற்றையும் சேர்த்தால் முழுதாக ஏழு மணி நேரம்கூட வராது.

அந்த ஏழு மணி நேரத்தைக் கேட்கும்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. 1930-களில் அமெரிக்க அரசின் திட்டத்தில் முன்னாள் அடிமைகளைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த தென்மாநிலங்களில், எண்பது தொண்ணூறு வயது ஏழைக் கறுப்பர் ஒருவர், வீடு தேடி வந்த வெள்ளைக்காரரிடம் மனத்தில் உள்ளதை எவ்வளவு தூரம் சொல்லியிருப்பார்? எஜமானர் நல்லவர்தான், குறை ஒன்றுமில்லை என்று சிலர் சொன்னதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒலிவாங்கியின் இந்தப் பக்கம் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அந்தப் பக்கத்துப் பேச்சு மாறும். வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று. லொரென்சோ டவ் டர்னர் என்று ஒரு மொழியியல் அறிஞர், கறுப்பினத்தவர். 1930-களின் தொடக்கத்தில் எடை மிகுந்த பதிவுக் கருவியோடு தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளுக்கும் ஊர்களுக்கும் போனார். அங்கே வாழும் கல்லா மக்களின் பேச்சை அரைகுறை ஆங்கிலம் என்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. டர்னர் பொறுமையாகக் கேட்டார், பதிந்தார். அந்தப் பேச்சில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் இருப்பதை 1949-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமேலியா டாலி என்ற பெண்மணி அவருக்கு ஒரு சின்னப் பாட்டைப் பாடிக் காட்டினார். அம்மா பாடிக் கேட்ட பாட்டு. அர்த்தம் தெரியாது. டர்னர் அதைச் சியரா லியோன் நாட்டு மாணவர் ஒருவருக்குப் போட்டுக் காட்ட, இது எங்கள் மெண்டே மொழி என்று அவர் அடையாளம் சொன்னார். பதிவுத் தட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் மூன்று பேர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு சியரா லியோன் கிராமங்களில் அலைந்தார்கள். செனஹுன் ஙோலா என்ற கிராமத்தில் ஒரு பெண், பெயர் பைந்து ஜபாத்தி, அந்தப் பாட்டைக் கேட்டதும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது. எங்கோ போய்விட்ட சொந்தங்களை இந்தப் பாட்டை வைத்து அடையாளம் காணலாம் என்று சொல்லித்தான் அவருடைய பாட்டி அதைக் கற்றுக் கொடுத்தாராம். இந்தப் பக்கம் ஜார்ஜியாவில் விசாரித்தால், அமேலியாவின் மகள் மேரி மோரன் உயிரோடு இருந்தார். அவருக்கும் பாட்டு மனப்பாடம். உள்நாட்டுப் போரால் தள்ளிப்போன பயணம் 1997-இல் கைகூடியது. மேரி மோரன் தன் குடும்பத்தோடு அந்தக் கிராமத்துக்குப் போனார். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு அநேகமாக எந்தக் காகிதத்திலும் பதில் கிடையாது. இங்கே ஒரு பழைய ஒலித்தட்டு வழி காட்டியிருக்கிறது.

இனி திரைப்படச் சுருளுக்கு வருவோம். 1921-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கறுப்பர்கள் செழித்து வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்திச் சாம்பலாக்கியது. பல பத்தாண்டுகள் பள்ளிப் புத்தகங்கள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1924-இல், அதே ஓக்லஹோமாவில் ஒரு பாப்டிஸ்ட் போதகர் கையில் கேமராவோடு கிளம்பினார். சாலமன் சர் ஜோன்ஸ். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அப்போது புதிதாக வந்திருந்த 16 மில்லிமீட்டர் கேமராவால் 1928 வரை கறுப்பர் ஊர்களைச் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

என்ன எடுத்தார்? ஆராதனை முடிந்து சபையிலிருந்து வெளியே வருகிறவர்கள். கடை வாசலில் நிற்கும் முதலாளிகள். பள்ளிப் பிள்ளைகள், ஞானஸ்நானம், ஊர்வலம், எண்ணெய்க் கிணறு. எந்த இடம், என்ன நிகழ்ச்சி என்று எழுத்துப் பலகையில் கோத்து அதையும் படம் பிடித்தார். ஹாலிவுட்டில் கறுப்பர்கள் வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே நடமாடிய காலத்தில், இவர் படத்தில் அவர்கள் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தபடி நடந்து வருகிறார்கள். எரிந்த கிரீன்வுட் மறுபடி எழுந்து நின்றதற்கு இந்தச் சுருள்களே சாட்சி. மொத்தம் 29 சுருள், 355 நிமிடம். யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2016-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்றன.

எல்லாப் படத்துக்கும் இப்படி நல்ல காலம் வாய்க்கவில்லை. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920-இல் வெளியிட்ட ஒரு முக்கியமான படம் அமெரிக்காவில் ஒரு பிரதிகூட இல்லாமல் போய், பிறகு ஸ்பெயின் நாட்டுத் திரைக் காப்பகத்தில், ஸ்பானியத் தலைப்போடு கிடைத்தது. தாய்நாட்டார் தூக்கி எறிந்ததை அயலார் பத்திரமாக வைத்திருந்தார்கள்!

நம் துறையான வானொலிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மெம்ஃபிஸ் நகரத்து டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948-இல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை ஒலிவாங்கி முன் உட்கார வைத்து, விரைவிலேயே முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கான நிலையமாக மாறியது. ஆனால் அதன் உரிமையாளர்கள் வெள்ளையர்கள். அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் ஜெசி பிளேட்டன் என்ற கறுப்பினத்தவர் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை விலைக்கு வாங்கினார். அந்த நிலையம் இருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் பிற்பாடு மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகமும் வந்தது. மக்களுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலிருந்து ஜன்னல் வழியாக ஒலிவாங்கியை இறக்குவார்களாம். அட்லாண்டாவில் இன்றும் சொல்கிறார்கள்.

இத்தனையும் காற்றில் போன பேச்சு. நேரடி ஒலிபரப்பைப் பதிந்து வைக்கும் வழக்கம் குறைவு. பதிந்தாலும் நாடா விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து மேலேயே பதிவார்கள். தப்பித்ததும் நிம்மதியாக இருக்காது. அசிட்டேட் படச்சுருள் கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும். சில ரக ஒலிநாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓடவிட்டால் கருவியில் ஒட்டிக்கொண்டு உரியும். அவற்றை அளவான சூட்டில் மணிக்கணக்காக வாட்டி, அந்தச் சிறிது கால அவகாசத்துக்குள் பிரதி எடுக்க வேண்டும். கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் சுமார் 30 வானொலி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் அலமாரிகளில் கிடக்கும் நாடாக்களைக் காப்பாற்றத் தனித் திட்டம் ஒன்று நடக்கிறது. மெலன் அறக்கட்டளை 2023-இல் அதற்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது. தாமதம்தான்; ஆனாலும் வந்ததே.

கிங்கின் புகழ்பெற்ற கனவுப் பேச்சு 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் நிகழ்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, 1962 நவம்பர் 27-இல், வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் நகரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அதே கனவைப் பேசியிருந்தார். அதன் ஒலிநாடா அந்த ஊர்ப் பொது நூலகத்திலேயே கிடந்து, 2013-இல் ஓர் ஆங்கிலப் பேராசிரியரின் தேடலில் அகப்பட்டது. பெட்டியின் மேல் யாரோ கையால் எழுதியிருந்தார்கள், தயவுசெய்து அழிக்க வேண்டாம் என்று. அந்த ஒருவர் யாரானாலும் அவருக்கு என் வணக்கம். நம் ஆகாசவாணிக்கும் இதில் பங்குண்டு. 1959 மார்ச் 9-இல் இந்தியாவை விட்டுப் புறப்படும் முன் டெல்லியில் கிங் வானொலிக்காகப் பேசிய பேச்சின் பதிவு பல ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்து, 2009-இல் வெளிவந்தது.

கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? உரிமம் என்று ஒன்று இருக்கிறது. ஹென்றி ஹாம்ப்டன் என்ற கறுப்பினத் தயாரிப்பாளர், குடிமை உரிமைப் போராட்டத்தைப் பற்றி 1987-லும் 1990-லும் மொத்தம் 14 பகுதிகளாக ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார். ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த செய்திப் படங்கள், புகைப்படங்கள், பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் வாங்கக் கையில் பணம் இருந்தது. 1990-களின் நடுவில் அவை காலாவதியாக, தொடரை மறுபடி ஒளிபரப்பவோ புதிதாக விற்கவோ முடியாமல் போயிற்று. கிங்கின் பிறந்தநாளுக்குக் கூட இருந்தவர்கள் 'ஹேப்பி பர்த்டே' பாடுகிற காட்சி வருகிறது. அந்தப் பாட்டுக்குமே அப்போது உரிமத் தொகை கட்ட வேண்டும். அடிபட்டவர்களின் படம் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. நன்கொடை திரட்டி உரிமங்களைப் புதுப்பித்து 2006-இல் மீண்டும் ஒளிபரப்பினார்கள். அதைப் பார்க்க ஹாம்ப்டன் இல்லை, 1998-லேயே இறந்துவிட்டார்.

தொடருக்காக அவர் குழு எடுத்த பேட்டிகள் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. திரையில் ஒரு நிமிடம் வந்து போனவர்கள் அங்கே மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். முழு எழுத்துப்படிகளையும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். தொடரைப் பார்த்தவர்கள் அவசியம் வாசியுங்கள்.