காதுக்கு எழுதிய தமிழ்
(தெம்பனிஸில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மழை வரப்போவதை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது வானொலிப் பெட்டிதான். தொலைவில் மின்னல் வெட்டினால் போதும். இடியோசை எட்டுமுன்பே செய்தி வாசிப்பவரின் குரலில் கரகரப்பு கலந்துவிடும். அப்பா குமிழை மெல்லத் திருகிக் குரலை மீட்பார். அது மத்திய அலைக் காலம். அந்த அலை நமக்கு விட்டுச்சென்ற செல்வம் என்ன என்பதே இன்றைய என் பேச்சு.

1937 மார்ச் 1ஆம் நாள், பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் திறக்கப்பட்டது. போருக்குப் பின் 1946இல் ரேடியோ மலாயா வந்தது. ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. 1959 ஜனவரி 4ஆம் நாள் ரேடியோ சிங்கப்பூர் பிறந்தது.

மத்திய அலையில் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 9 கிலோஹெர்ட்ஸ்தான். பண்பலைக்கு அதைப்போல் இருபது மடங்கு உண்டு. குறுகிய அந்த வழியில் இசையின் நுண்மைகள் உதிர்ந்துவிடும். மனிதப் பேச்சு மட்டும் தப்பிப் பிழைக்கும். ஆகவே வானொலிக்கு எழுதியவர்கள் முழுக்கப் பேச்சையே நம்பினார்கள். கேட்பவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. வாக்கியம் சிறிதாக இருக்க வேண்டும். பேசுவது யார் என்பது முதல் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

இந்தக் கலையில் தேர்ந்தவர் புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டு, மக்கள் கம்பத்தை விட்டு மாடிகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ வானொலி நாடகம் அந்தப் புது வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. கவிஞர் க.து.மு. இக்பால் ‘பாடிப் பழகுவோம்’ வானொலி நிகழ்ச்சிக்கு இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்கள் எழுதினார். 2014இல் அவரும் அதே பதக்கத்தைப் பெற்றார். இவர்கள் எழுதியது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கான, இந்த ஊர்த் தமிழ்.

அண்ணாசாமிக்குக் கதை தந்த அதே அடுக்குமாடி, மத்திய அலைக்குப் பகையாகவும் நின்றது. சுவரின் இரும்புக் கம்பிகள் அலையைத் தளர்த்தின. மின்தூக்கியும் குழல்விளக்கும் இரைச்சலைக் கூட்டின. நகரத்துக்குப் பண்பலையே ஏற்றதாயிற்று. இன்று தமிழ் வானொலியான ஒலி 96.8 தெளிவாகக் கேட்கிறது. அந்தத் தெளிவை நான் மனமார வரவேற்கிறேன்.

என் கவலை வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர்தாம். எழுத்துத் தமிழைப் பள்ளி கற்றுத்தரும். பேச்சுத் தமிழைக் காதுதான் கற்க வேண்டும். முன்பு அந்தப் பாடத்தை ஒரு பெட்டி கூடத்தில் இருந்தபடி நடத்தியது.

அண்ணாசாமி நூலாகவும் வந்திருக்கிறார். அதைப் படித்து மூடிவைக்காதீர்கள், வாய்விட்டுப் பேசுங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாத்தா ஒரு பாத்திரம், பேத்தி ஒரு பாத்திரம் என்று பிரித்துக்கொண்டு ஒரு காட்சியை நடத்துங்கள். பேத்தி தடுமாறும் இடத்தில் தாத்தா சொல்லெடுத்துக் கொடுக்கட்டும். அப்பா குமிழைத் திருகிக் குரலை மீட்டதுபோல, நாமும் மீட்போம்.