நகல் எடுப்பது திருட்டல்ல!

(திண்டுக்கல்லில் பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் கம்ப்யூட்டர் மென்பொருளை நகல் எடுத்துக் கொடுத்து வருகிறோம். இது பற்றி ஒரு தோழர் கேட்டார்: "கடைக்காரன் நகல் போட்டால் திருட்டு என்கிறார்கள். சங்கம் போட்டால் மட்டும் நியாயமா?" நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் ஊர்ப் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. காசு கொடுத்தால் பூட்டோடு சாவியும் கைக்கு வருகிறது. பழுதானால் பட்டறையில் பிரித்துப் பார்க்கிறார்கள். கம்பெனி மென்பொருள் அப்படியல்ல. பணம் வாங்கிக்கொண்ட பிறகும் சாவி கம்பெனியிடமே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு நகல் கொடுக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. அதற்கடுத்த விண்டோஸ் 11-ஐ ஏற்காத யந்திரங்கள் எத்தனையோ உண்டு. நன்றாக ஓடும் யந்திரத்தைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க உழைப்பாளி வீட்டில் பணம் ஏது?

இந்தப் பூட்டை எதிர்த்து 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழுமையான ஏற்பாடாயிற்று. இந்த மென்பொருளை யாரும் ஓட்டலாம், பிரித்துப் படித்துத் திருத்தலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் பரப்பலாம். உரிமப் பத்திரமே இந்த உரிமைகளைத் தருகிறது. ஆகவே நாங்கள் செய்வது திருட்டல்ல. கொடுக்கப்பட்ட உரிமையைப் பயன்படுத்துகிறோம்.

நகலுக்குக் காசு வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஸ்டால்மனே 1985-ல் தம் 'ஈமேக்ஸ்' நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் மேலும் நகல் எடுப்பதை அவர் தடுக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தகட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது? டெலிபோன் கம்பி வழியே 56 கிலோபிட் வேகத்தில் 700 மெகாபைட் தகடு ஒன்றை இறக்க, முழு வேகம் கிடைத்தாலும் ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். அதனால் தென்னாப்பிரிக்காவில் ஷட்டில்வொர்த் அறக்கட்டளை 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்ற பெட்டிகளைப் பொது இடங்களில் வைத்தது. வெற்றுத் தகட்டோடு போனவர் மென்பொருளோடு திரும்பினார். 'உபுண்டு' தகடுகளை 2005 முதல் 2011 வரை தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள். சென்னையில் 2005 ஏப்ரலில் மத்திய சர்க்காரும் தமிழ் மென்பொருள் தகடு ஒன்றை வெளியிட்டது. இன்று புதிய யந்திரங்களில் தகடு போடும் வாயே இல்லை. பென் டிரைவ் வந்துவிட்டது. பழைய யந்திரங்களுக்கு இன்னும் தகடு வேண்டியிருக்கிறது.

இனி ஒரு சுயவிமர்சனம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை செய்யும் தோழரின் மகள், சர்க்கார் கொடுத்த பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அன்று கூட்டம் அதிகம். அவசரத்தில், உள்ளே இருந்ததை எடுத்து வைக்காமலே புதியதை ஏற்றிவிட்டோம். அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டுரை முழுவதும் அழிந்துபோயிற்று. "பரவாயில்லை மாமா, மறுபடி எழுதிக்கிறேன்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. தவறு எங்களுடையது.

அதன் பிறகு விதிகள் வகுத்தோம். முதலில் வந்தவருடைய கோப்புகளை வேறிடத்தில் சேமிக்க வேண்டும். இறக்கிய மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணை, வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பதிந்த தகட்டையும் சோதிக்க வேண்டும். கணினியில் ஏற்றுமுன் தகட்டிலிருந்தே ஓட்டி, ஒலி, இணையம், தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தகட்டின் அடக்க விலை மட்டுமே வாங்கிக் கணக்கைச் சுவரில் ஒட்ட வேண்டும். சொந்தப் பென் டிரைவ் கொண்டுவந்தால் காசில்லை. மூலநிரல் கேட்டால் கொடுக்க வேண்டும். கம்பெனி மென்பொருளின் கள்ள நகல் நம் மேஜைக்கு வரவே கூடாது. சில வேலைகளுக்கு முதலாளிகள் கேட்கும் மென்பொருள் இதில் ஓடாது. அதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசி விதி உங்களுக்கு. நகல் வாங்குகிறவர் நகல் எடுக்கவும் கற்றுக்கொண்டு போக வேண்டும். விதை கடன் வாங்கியவர் அறுவடையில் விதை திருப்பித் தருவதில்லையா? அது போலத்தான். நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலிருந்து இரண்டிரண்டு பேர் வாருங்கள். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தூங்கி எழுந்து மாலையில் வரலாம். மேஜை உங்களுக்காகக் காத்திருக்கும்.