முன்னே டிரைவர், பின்னே அட்டை

திறந்த வன்பொருள் என்றதும் நம் பேச்சு சில்லைச் சுற்றியே போகிறது. நொடிக்கு எத்தனை முக்கோணம் வரையும், உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எந்த எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்குள் அடங்கும், சுற்றை விவரிக்கும் வெரிலாக் நிரலை எந்த உரிமத்தில் வெளியிடலாம் என்பவை பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். இயங்குதளத்தின் கெர்னலுக்குள் உட்கார்ந்து அந்த அட்டையோடு பேச வேண்டிய டிரைவரோ, ‘இனிச் செய்ய வேண்டியவை’ என்ற கடைசிப் பத்தியில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் வாதம். வீட்டு மேசையில் உருவாகும் வரைகலை அட்டைக்கு முதலில் எழுத வேண்டியது டிரைவர். அட்டை அதைப் பின்தொடர்ந்து வரட்டும்.

வீட்டில் வரைகலை அட்டை செய்வது பகற்கனவு என்று சொல்லும் காலம் போய்விட்டது. ஓப்பன் கிராபிக்ஸ் புராஜெக்ட் என்ற குழு ஸ்பார்ட்டன்-3 எஃப்.பி.ஜி.ஏ.வை வைத்து ஓ.ஜி.டி.1 என்னும் மேம்பாட்டுப் பலகையைச் செய்தது. அதற்கு அடுத்ததாக எண்ணியிருந்த தனிச் சில்லு வெளிவரவே இல்லை. 2024-இல் ஃபியூரிஜிபியு என்ற அட்டை அறிமுகமானது. விளையாட்டு நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் ஏறத்தாழ 4 ஆண்டுகள் தனியாக உழைத்து, எஃப்.பி.ஜி.ஏ.வும் செயலியும் ஒன்றாயிருக்கும் ஸிங்க் அல்ட்ராஸ்கேல்+ சில்லில் அதை எழுப்பி, குவேக் விளையாட்டை நொடிக்கு 60 சட்டகம் என்ற அளவில் ஓட்டினார். விண்டோஸ் டிரைவரையும் அவரே எழுத வேண்டியிருந்தது. வேறு யார் எழுதித் தருவார்கள்? பெரிய நிறுவனத்தில் சில்லுக்காரர் ஒரு கட்டடத்திலும் டிரைவர்காரர் வேறொரு கட்டடத்திலும் இருப்பார்கள். ஒருவர் விட்ட குறையை மற்றவர் தலையில் கட்டலாம். வீட்டு அட்டையில் இருவரும் ஒரே ஆள். எனவே வன்பொருளில் மிச்சம் பிடித்ததெல்லாம் டிரைவரில் கடனாக நிற்கும்.

இந்தக் கடன் எப்படி ஏறுகிறது என்பதற்கு ராஸ்பெரி பையின் வீடியோகோர் வரைகலைப் பகுதியைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. பிராட்காம் நிறுவனம் 2014 பிப்ரவரியில் வீடியோகோர் 4-இன் முப்பரிமாணப் பகுதிக்கான ஆவணங்களை வெளியிட்டது. அதன்பின் லினக்ஸுக்காக எரிக் அன்ஹோல்ட் எழுதிய டிரைவருக்கு விசி4 என்று பெயர். அந்தச் சில்லின் முப்பரிமாணப் பகுதிக்கு நினைவக முகவரிகளைக் காவல் காக்கும் எம்.எம்.யு. கிடையாது. ஆகவே வரைகலைச் சில்லின்மேல் ஓடும் ஷேடர் நிரல் ஒன்று தவறியோ வேண்டுமென்றோ கைநீட்டினால், கெர்னலின் நினைவகம்வரை அதனால் எட்டிப் பிடிக்க முடியும். சில்லில் இல்லாத அந்தக் காவலை டிரைவர் ஏற்க வேண்டி வந்தது. பயனர் நிரல் அனுப்பும் ஒவ்வொரு கட்டளைப் பட்டியலையும் கெர்னல் படித்து, முகவரிகளைச் சரிபார்த்து, தன் கையால் நகலெடுத்த பிறகே சில்லுக்குக் கொடுக்கிறது. ஷேடர்களையும் வரி வரியாகச் சோதிக்கிறது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் மையச் செயலி இதற்காக நேரம் செலவிடுகிறது. ராஸ்பெரி பை 4-இல் வந்த வீடியோகோர் 6-க்கு எம்.எம்.யு. உண்டு, அதற்கான வி3டி டிரைவரில் இந்தச் சோதனைக் கட்டு தேவைப்படவில்லை. வி3டி டிரைவரை எழுதத் தொடங்கியவரும் அன்ஹோல்ட்தான். எழுதுபவரின் திறமை கூடியதாலோ குறைந்ததாலோ வந்த மாற்றம் அன்று இது. டிரைவரை முதலில் எழுதிப் பார்த்திருந்தால், எம்.எம்.யு.வை விட்டுவிடுவதன் விலை முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

சிறிய அளவில் இதே கதை ஒவ்வொரு மூலையிலும் நடக்கிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பொருத்துவாயில் செருகிய அட்டை, மின்சாரம் வந்து ஏறக்குறைய 100 மில்லிநொடிக்குள் பதில் சொல்லும் நிலைக்கு வர வேண்டும். எஃப்.பி.ஜி.ஏ. தன் அமைப்பை ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ஏற்றி முடிக்க அதற்கு மேல் எடுத்துக்கொண்டால், கணினியின் பார்வையில் அந்த இடம் காலிதான். அடுத்தது கட்டளை வளையம். டிரைவர் நினைவகத்தில் கட்டளைகளை வரிசையாக வைத்துவிட்டு, அட்டையின் ஒரு பதிவகத்தில் எழுதி ‘மணி’ அடிக்கும். நம் பழமொழியில் யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. டிரைவரில் அப்படி ஆனால் அட்டை பழைய குப்பையைக் கட்டளை என்று நம்பி விழுங்கிவிடும். அதற்காகவே கட்டளைகள் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் தடுப்பாணை ஒன்றை நடுவில் போடுகிறோம். அந்தப் பதிவகத்தில் எழுதுவதும் தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரிதான். செயலி அதோடு அடுத்த வேலைக்குப் போய்விடும். சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் அதே அட்டையிலிருந்து எதையாவது படிக்க வேண்டும். அந்த வாசிப்புதான் நமக்கு ஒப்புகைச் சீட்டு. அட்டை இடையில் தொங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. விண்டோஸ் வழக்கமாக 2 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு வரைகலைப் பகுதியை மீட்டமைக்கச் சொல்லும். வரையும் எந்திரத்தை மட்டும் தனியே மீட்டமைக்க வழி வைக்காத அட்டையில், அந்த ஆணைக்குப் பணிய டிரைவருக்கு வழியே இல்லை. இவற்றில் எதுவும் சில்லை வரைந்து முடித்த பிறகு ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் காரியமல்ல.

‘கெர்னல் டிரைவரே எதற்கு? அட்டையின் நினைவகத்தைப் பயனர் நிரலுக்கு நேரே திறந்துவிட்டால் போதாதா?’ என்று சிலர் கேட்பார்கள். திரையில் பிம்பத்தைக் காட்டினால் மட்டும் போதும் என்றால் அவர்கள் சொல்வது சரி. லினக்ஸில் ஏற்கெனவே உள்ள எளிய சட்டக இடையக டிரைவரே அதைச் செய்யும். லைட்எக்ஸ் என்ற வடிவமைப்புக் கருவித்தொகுப்பைக் கொண்டு எஃப்.பி.ஜி.ஏ.வில் லினக்ஸ் ஓட்டுபவர்கள் அப்படியே செய்கிறார்கள். ஆனால் ஒரே திரையை, ஒரே வரையும் எந்திரத்தை இரண்டு நிரல்கள் பங்கிட வேண்டிய கணத்தில் நடுவர் ஒருவர் தேவை. லினக்ஸ் உலகம் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. முன்பு திரையை நிர்வகித்த எக்ஸ் சர்வர் ரூட் அதிகாரத்தோடு ஓடி வன்பொருளை நேரடியாகத் தொட்டது. அது விழுந்தால் திரையும் சேர்ந்து விழும். நினைவக மேலாண்மை 2008-இல் 2.6.28 பதிப்போடும், திரை அமைப்பு 2009-இல் 2.6.29 பதிப்போடும் கெர்னலுக்குள் வந்தன. சாதனங்கள் தொடும் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் ஐ.ஓ.எம்.எம்.யு.வின் காவலோடு அட்டையைப் பயனர் நிரலிடம் ஒப்படைக்கும் வழி இன்று இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. அது ஒருவருக்கு அட்டையைக் குத்தகைக்கு விடும் ஏற்பாடு, பொதுக் கிணறாக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வாரந்தோறும் மாறும் வடிவமைப்புக்கு முன்கூட்டியே டிரைவர் எழுதுவது வீண் உழைப்பு என்பது அது. மாற்றம் வரும் என்பது உண்மை. அது எங்கே மலிவாக வரும் என்பதே கேள்வி. சர்க்யூட் பலகை அச்சாகி வந்தபின் ஒரு பதிவகத்தின் பொருளை மாற்றுவதற்கும், கணினி வன்பொருளை மென்பொருளில் பாவனை செய்யும் கியூஎமுவில், அட்டையின் போலியில் இரண்டு வரியை மாற்றுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது. கியூஎமுவில் ‘எடு’ என்றொரு கற்பிதச் சாதனம் இருக்கிறது. கெர்னல் டிரைவர் கற்பிப்பதற்காகவே படைக்கப்பட்டது. எண் ஒன்றைக் கொடுத்தால் அதன் காரணியப் பெருக்கத்தைக் கணக்கிட்டுக் குறுக்கீட்டு மணி அடிக்கும். நினைவகத்தோடு நேரடிப் பரிமாற்றமும் செய்யும். அதனால் வேறு பயன் எதுவும் இல்லை. ஆனாலும் பதிவகம், குறுக்கீடு, நேரடிப் பரிமாற்றம் என்று டிரைவர்காரர் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதிக்கு மேல் அதற்குள் இருக்கின்றன. நம் அட்டைக்கும் அதுபோல ஒரு போலியைச் செய்து, அதற்கு டிரைவர் எழுதி, ஒரு முக்கோணமாவது வரைந்துவிட்டு வெரிலாக்கைத் திறந்தால், பதிவக அட்டவணை பாதி முதிர்ந்த நிலையில் நம் கையில் இருக்கும்.

‘திறந்த’ என்ற சொல்லையும் இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும். நூவோ டிரைவர் என்விடியா அட்டைகளுக்காக வெளியார் ஆராய்ந்து எழுதிய திறந்த நிரல். 2010 முதல் லினக்ஸில் இருக்கிறது. இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள் நிறுவனத்தின் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைக் கோரத் தொடங்கியதும், அவற்றைக் கடிகார வேகம் கூட்டி முழுத் திறனில் ஓட்ட அதனால் முடியாமல் போயிற்று. டிரைவரின் மூலநிரல் ஊரறியக் கிடந்தும் பூட்டின் சாவி வேறு கையில் இருந்தது. லினக்ஸின் வரைகலைப் பிரிவு வைத்திருக்கும் ஒரு விதியையும் பலர் கெடுபிடி என்கிறார்கள். கெர்னலில் புதிய இடைமுகம் சேர்க்க வேண்டுமானால், அதைப் பயன்படுத்தும் திறந்த பயனர்நிலை நிரலும் தயாராக இருக்க வேண்டும் என்பது அந்த விதி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. யாரும் படிக்க முடியாத நிரல் மட்டுமே பேசும் மொழியை, பழுது வந்தால் கெர்னல் பராமரிப்பாளர் எப்படிச் சோதிப்பார்? வீட்டு அட்டை செய்பவருக்கு இந்த விதியால் ஓர் இழப்பும் இல்லை. அவரிடம் ஒளிக்க எதுவும் கிடையாது.

ஆகவே இந்த அரங்கில் கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டை எத்தனை சட்டகம் ஓட்டுகிறது என்று சொல்லுமுன் பதிவக அட்டவணையைத் திரையில் காட்டுங்கள். அட்டை தொங்கினால் டிரைவர் அதை எப்படி எழுப்பும் என்று சொல்லுங்கள். டிரைவர் இன்னும் எழுதவில்லை என்றால் அதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கும்படி அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.