கூரைக்கும் சாதி உண்டு

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வீட்டுக்குள் வெப்பத்தைக் குறைப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் கேட்டார்: "இது சூழலியல்காரர்கள் பேசுகிற விஷயமாச்சே, நம்ம மேடையில் எதுக்கு?" நியாயமான கேள்வி. பதிலை 1930-லிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சாதி பற்றி ஹட்டன் எழுதிய நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் இதுவும் உண்டு: வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. இராமநாதபுரத்து வெயிலில் குடையும் செருப்பும் அலங்காரமா என்ன? திருவிதாங்கூரில் நாடார்களுக்கும் குடை, செருப்புத் தடை இருந்தது. மாடி வைத்து வீடு கட்டவும் தடை இருந்தது. வெயிலிலிருந்து தப்பிக்கிற உரிமையையே சாதி அளந்துதான் கொடுத்தது.

இன்று குடையை யாரும் பிடுங்குவதில்லை. ஆனால் எந்த ஊரிலும் ஊர்த்தெருவிலிருந்து காலனி வரைக்கும் ஏப்ரல் மாத மதியத்தில் நடந்து, கூரைகளை மட்டும் அண்ணாந்து பாருங்கள். காலனி நெருங்க நெருங்கத் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பழைய தொகுப்பு வீடுகளும் வரும். மரமும் குறையும், ஏனென்றால் மூன்று சென்ட் மனையில் வீடு போக மரத்துக்கு ஏது இடம்?

தகரம் மெல்லியது. வெயிலை வாங்கிய சில நிமிடங்களில் அந்தச் சூட்டை உள்ளே இருப்பவர் தலையில் இறக்கிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் சூட்டோடு நோயையும் தருகிறது. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது; பல நாடுகள் தடை செய்துவிட்டன. இங்கே தெருமுனைக் கடையில் விற்கிறார்கள்.

தளம் போட்ட வீடு நல்லதுதானே என்பீர்கள். கான்கிரீட் தளத்தின் குணம் வேறு. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரைக்கும் கீழே கக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே அனல் அடங்காது. இதைத் தடுக்கத்தான் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். நம் கொத்தனார்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. ஊரில் மாடி வீடு கட்டுகிறவருக்கு அதைப் போட்டுக் கொடுப்பவர்களில் பலர் காலனிக்காரர்களே. அவர்கள் தூங்குகிற தொகுப்பு வீட்டின் தளமோ பல இடங்களில் மொட்டையாகக் கிடக்கிறது. மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது.

வெப்பம் என்றதும் வயலிலும் சாலையிலும் சுருண்டு விழுகிறவரையே நினைக்கிறோம். அவருடைய உடம்பு மறுநாள் வேலைக்குத் தேறுவது ராத்திரித் தூக்கத்தில்தான். அந்தத் தூக்கம் போனால்? ஆண்கள் வாசலில் பாயைப் போட்டுப் படுத்துவிடலாம். பெண்கள், அதிலும் இளம்பெண்கள், காலனி வாசலில் படுக்க முடியுமா என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்காரியும் கர்ப்பிணியும் படுத்த படுக்கையான பாட்டியும் உள்ளேதான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்து, இறந்தால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லது. ஆனால் கூரைக்கு ஆகும் செலவு அதில் ஒரு துளிதான்.

ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. வெப்பம் எவ்வளவு உள்ளே வரலாம், கூரை எப்படி இருக்க வேண்டும், ஜன்னல் எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் கணக்கு. யாருக்கு? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்கு. நம் மூன்று சென்ட் என்பது சுமார் 121 சதுர மீட்டர். நம் வீடு அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஏசி வாங்கும்போது ஐந்து நட்சத்திரம் பார்க்கச் சொல்கிறார்கள். நட்சத்திரம் பார்ப்பதற்கு எங்களுக்கு ஏசி தேவையில்லை, படுத்தால் கூரை ஓட்டையிலேயே தெரியும்.

இங்கே இன்னொரு தரப்போடும் எனக்குச் சண்டை உண்டு. "பனையோலைக் குடிசைதான் குளிர்ச்சி, கான்கிரீட் ஆசையை விடுங்கள்" என்கிற மரபுக்காரர்கள். ஓலை குளிர்ச்சி என்பது உண்மை. அது எரியும் என்பதும் உண்மை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துத்தான் கொளுத்தினார்கள். 2012-இல் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டபோது, வெளியூரில் உழைத்துக் கட்டிய காரை வீடுகளும் தப்பவில்லை. நம் ஆட்கள் தளம் போட ஆசைப்படுவது மோஸ்தர் அல்ல, தீக்குப் பயந்தும்தான், தலைநிமிர்ந்தும்தான். அந்த ஆசையைக் கேலி செய்கிற சூழலியல் நமக்கு வேண்டாம். கான்கிரீட் வேண்டும், அது சுடாமலும் வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட்டிங் அடித்தாலே வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பசை கலந்தால் மழைக்கும் கொஞ்சம் தாங்கும். ஆண்டுதோறும் கோடைக்கு முன்னால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை அறிவித்தது. புதிதாகத் தளம் போடுகிறவர்கள் லாரி பேக்கர் பரப்பிய முறையைப் பாருங்கள்: கான்கிரீட்டின் அடிப்பகுதியில் மங்களூர் ஓடுகளைப் பதித்து வார்ப்பது. சிமெண்டும் மிச்சம், சூடும் குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்காரர்கள் கவனம்: அதைச் சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள், மேலே ஏறாதீர்கள். உடைந்து விழுந்து செத்தவர்கள் உண்டு.

மின்விசிறிக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய 75 வாட் விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட் என்றால் 22 யூனிட்டுக்குள் முடியும். இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் இரண்டு விசிறியும் விளக்கும் அடங்கிவிடும். விலைதான் இடிக்கிறது. மலிவான, தாராளமான மின்சாரம் பற்றி 1943-இலேயே மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக இருந்து வாதாடியவர் அண்ணல். பம்பாய் பரேலில் சாளின் சின்ன அறையில் பல ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்தவருக்குக் காற்றும் வெளிச்சமும் என்னவென்று தெரியாதா?

அதனால் நம் கோரிக்கையை 'வீடு கொடு' என்பதோடு நிறுத்தக் கூடாது. மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். தளத்துக்கு மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் அதில் இருக்கிறதா, எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்கிறதா, சமையல் புகை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பழைய தொகுப்பு வீடுகளுக்குத் தளம் பழுதுபார்க்கவும் வெள்ளையடிக்கவும் தனி நிதி கேளுங்கள். மார்ச் 22 கிராம சபை கோடைக்குச் சரியாக முன்னால் வருகிறது. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, காலனிப் பெண்களின் கையெழுத்தோடு எடுத்துப் போங்கள். பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.